நன்றி சொல்லப் போன தூதர்

வணக்கம். நேயர் ஒருவர் கேட்டிருக்கிறார்: "1908-ல் நன்றி சொல்வதற்கென்றே சீனா ஒரு சிறப்புத் தூதரை அமெரிக்காவுக்கு அனுப்பியதாமே, அமெரிக்கா அப்படி என்ன கொடுத்தது?" இரண்டு நாளாக இந்தக் கேள்வி என்னை விடவே இல்லை.

கொடுக்கவில்லைங்க, திருப்பிக் கொடுத்தது. வெளிநாட்டவரை எதிர்த்துச் சீனாவில் எழுந்த பாக்சர் கிளர்ச்சியை அடக்கிய பிறகு, 1901-ல் வெளிநாடுகள் சீனாவின் தலையில் 45 கோடி டேல் (டேல் என்பது சீன எடை அளவு) வெள்ளியை இழப்பீடாகக் கட்டின. அதில் அமெரிக்காவின் பங்கு சுமார் 2.4 கோடி டாலர். உண்மையான நட்டத்தைவிட அது மிக அதிகம் என்று வாஷிங்டனில் இருந்த சீனத் தூதர் லியாங் செங் விடாமல் வாதாடினார். கடைசியில் சுமார் 1.08 கோடி டாலரை விட்டுக்கொடுக்க அமெரிக்கக் காங்கிரஸ் சம்மதித்தது. சீனாவின் பணம் சீனாவுக்கே திரும்பியது, அவ்வளவுதான். இதை நன்கொடை என்று எழுதுவதைப் பார்த்தால் எனக்கு மனசு ஆறுவதில்லை.

சரி, நன்றி சொல்லப் போன அந்தத் தூதர் தாங் ஷாவோயி. நன்றி சொல்வது ஒரு வேலை. ஜப்பான் நெருக்கிக்கொண்டிருந்த, சீனாவின் வடகிழக்கில் உள்ள மஞ்சூரியாவுக்கு அமெரிக்கக் கடனையும் ஆதரவையும் கேட்பது இன்னொரு வேலை.

நான் அடிக்கடி சொல்வேனே, தூதுப் பயணம் என்றால் முதலில் தேதியைப் பாருங்கள் என்று. நவம்பர் 14-ல் குவாங்சு பேரரசர் இறந்தார், மறுநாள், ஆட்சியைக் கையில் வைத்திருந்த பேரரசித் தாய் சிக்சி. தாங் வாஷிங்டன் போய்ச் சேர்ந்தது நவம்பர் 30. அதே நாளில்தான் அமெரிக்க வெளியுறவு அமைச்சர் ரூட்டும் ஜப்பானியத் தூதர் தகாஹிராவும், பசிபிக்கில் இப்போதிருக்கும் நிலையே தொடரட்டும் என்று கடிதம் மாற்றிக்கொண்டார்கள். அதே ஊர், அதே நாள்! ஜப்பானோடு அமெரிக்கா இப்படி ஒத்துப்போன பிறகு மஞ்சூரியாவைப் பற்றி தாங் பேசி என்ன எடுபடும்? ஊரில் அவரை அனுப்பிவைத்த சக்திவாய்ந்த அதிகாரி யுவான் ஷிகாயின் பதவியும் 1909 ஜனவரியில் போய்விட்டது. தேதியைப் பாருங்கள் என்று நான் சொல்வது இதற்காகத்தான்.

ஆனால் யாராவது என்னிடம் கேட்க மாட்டார்களா என்று நான் காத்திருக்கும் கேள்வி வேறு. தாங்குக்கு அமெரிக்காவை எப்படித் தெரியும்?

1872 முதல் யுங் விங் என்பவரின் முயற்சியால் 120 சீனப் பையன்கள் நான்கு தொகுதியாக அமெரிக்கா போய்ப் படித்தார்கள். 1874-ல் போன மூன்றாம் தொகுதியில் தாங் ஒருவர், பன்னிரண்டு வயது. நியூ இங்கிலாந்துக் குடும்பங்களின் வீட்டில் வளர்ந்து, பின்னல் முடியோடு பேஸ்பால் ஆடிய பிள்ளைகள் அவர்கள். ஆனால் ராணுவ, கடற்படைக் கல்லூரிகளில் அவர்களைச் சேர்க்க அமெரிக்கா மறுத்தது. பிள்ளைகள் அமெரிக்கர்களாகவே மாறிவிடுவார்கள் என்று பீக்கிங்கில் இருந்த சீன அரசும் பயந்தது. 1881-ல் படிப்பைப் பாதியில் நிறுத்தித் திரும்ப அழைத்துவிட்டார்கள். கப்பலுக்குக் காத்திருந்த நாளில் ஓக்லாந்து அணியோடு ஒரு பேஸ்பால் ஆட்டம் ஆடி, ஜெயித்துவிட்டுத்தான் ஏறினார்கள். இந்த இடத்தைச் சொல்லும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு நிறைந்துவிடுகிறது.

முதலில் சொன்ன லியாங் செங்கும் அந்தப் பையன்களில் ஒருவர்தான். அவர் வாதாடி மீட்ட பணத்தில் 1909-ல் 47 மாணவர்கள் அமெரிக்காவுக்குப் படிக்கக் கிளம்பினார்கள்.