கீமோவுக்கு முன்னாடி இதைக் கேளுங்க மக்களே

வணக்கம் மக்களே! இன்றைக்குச் சாப்பாட்டு வீடியோ கிடையாது, அல்வா சண்டையை அடுத்த வாரம் வைத்துக்கொள்வோம். எனக்குப் பயங்கர எரிச்சல்.

என் சித்தி மகனுக்கு லிம்போமா, அதாவது நிணநீர் மண்டலத்தில் வரும் புற்றுநோய். தீபாவளி வீடியோவில் சரவெடியைப் பார்த்து ஓடினானே, அவன்தான். வயசு 23. முடி கொட்டும், வாந்தி வரும், வாய்ப்புண் வரும் என்று ஆஸ்பத்திரியில் எல்லாம் சொன்னார்கள். பின்னால் பிள்ளை பிறக்குமா என்பதைப் பற்றி மூச்சில்லை. நானாகக் கேட்டால், "கல்யாணம் ஆகாத பையன்தானே, இப்போ எதுக்கு?" என்றார்கள். ஏலே, கல்யாணம் ஆகாதவனுக்குத்தானே அது வேணும்!

சைக்ளோபாஸ்பமைடு மாதிரி சில கீமோ மருந்துகள் புற்றோடு சேர்த்து விந்தணுவையும் கருமுட்டையையும் அடித்துவிடும். எல்லோருக்கும் அப்படி ஆகாது. மருந்தையும் அளவையும் பொறுத்தது. அதனால் முதல் கீமோ ஏறுவதற்கு முன்பே விந்தணுவை எடுத்து, மைனஸ் 196 டிகிரி திரவ நைட்ரஜனில் உறைய வைத்துவிட வேண்டும்.

சரி, விந்தணுவை உறைய வைக்கும் சென்டருக்குப் போனோம். விந்து எடுத்துக் கொடுக்கும் ரூம் கதவில் தாழ்ப்பாள் விழவில்லை மக்களே! இழுத்தால் வருகிறது, விட்டால் திறக்கிறது. இத்தனை பணம் வாங்குகிறவர்களுக்கு ஒரு தாழ்ப்பாள் மாட்ட முடியாதா? கடைசியில் நான்தான் வெளியே கதவுக்கு முதுகு கொடுத்து நின்றேன். எதிரே சித்தி, கையில் சுக்குக்காபி ஃபிளாஸ்க். "ஏய்யா, இவ்வளவு நேரமா? ரத்தந்தானே எடுக்காவ?" நான் ஃபேனைப் பார்த்தேன். நிழலே இல்லாத பார்க்கிங்குக்கு 40 ரூபாய் வேறு!

ஆங், சொல்ல விட்டுப்போச்சு. உறைய வைத்ததற்கு வருஷா வருஷம் வாடகை உண்டு. எத்தனை வருஷம் வரை வைக்கலாம் என்பதையும் சென்டரிலேயே கேட்டுக்கோங்க.

பெண்பிள்ளைகளுக்கு ஊசி போட்டுக் கருமுட்டை எடுக்க இரண்டு வாரம்போல ஆகும். மாதவிலக்குக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை, எந்த நாளிலும் தொடங்கலாம். வயசுக்கு வராத குழந்தை என்றால் சினைப்பைத் திசுவையே எடுத்து உறைய வைப்பார்கள், பெரியவர்களுக்கும் செய்வதுண்டு. அப்படி வைத்ததைத் திரும்பப் பொருத்திய ஒரு பெண்ணுக்கு 2004இல் பெல்ஜியத்தில் குழந்தையே பிறந்தது. சின்னப் பையன்களுக்கு இன்னும் ஆராய்ச்சி அளவில்தான்.

"முதலில் உயிர், அப்புறம் பிள்ளை" என்று ஒரு மாமா சொன்னார். அவருக்கு நாலு பிள்ளை!

கமெண்டில் மூலிகை வைத்தியம் எழுதினால் அழித்துவிடுவேன், சொல்லிட்டேன்.