கழிக்கரையில் எதிர்க்கரைதான் பக்கத்து வீடு

[காட்சி: மாலை. அசையாத நீர். எதிர்க்கரையில் ஒரே ஒரு விளக்கு.]

எதிர்க்கரையில் இருவர் பேசிக்கொண்டிருக்கிறார்கள். நடுவில் அரைக் கிலோமீட்டர் தண்ணீர். யாரும் குரலை உயர்த்தவில்லை. ஆனாலும் அந்தப் பேச்சு நம் காதில் விழுகிறது, நாற்காலியை இழுத்துப் போடும் ஓசையோடு சேர்த்து.

காற்று எவ்வளவு சூடாக இருக்கிறதோ அவ்வளவு வேகமாக ஒலி அதில் போகும். ஒவ்வொரு டிகிரி செல்சியஸுக்கும் நொடிக்குச் சுமார் 0.6 மீட்டர் கூடும். அந்தி வேளையில் தண்ணீரை ஒட்டிய காற்று குளிர்ந்துவிடுகிறது. அதற்கு மேலே உள்ள காற்று இன்னும் கதகதப்பாகவே இருக்கிறது. மேலே போகும் ஒலி முந்திக்கொள்வதால் அலை முழுவதும் கீழ்நோக்கி வளைகிறது. வானத்தில் கரைந்திருக்க வேண்டிய பேச்சு, கண்ணாடி போன்ற நீர்ப்பரப்பில் பட்டுத் தெறித்து இக்கரைக்கு வந்து சேர்கிறது.

கழிக்கரை ஊருக்கு விருந்தாளியாகப் போகிறீர்களோ, குடியிருக்கப் போகிறீர்களோ, முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது இதைத்தான். இங்கே எதிர்க்கரைதான் பக்கத்து வீடு.

[காட்சி: மேலிருந்து, நிலத்துக்குள் நீளும் நீர்.]

கடல் நிலத்துக்குள் நீண்டு புகுந்த இடம் கழி. நெய்தல் பாடல்கள் பாடிய சங்கப் புலவர்கள் புழங்கிய சொல் இது. பனியாறு குடைந்த பள்ளத்தில் கடல் புகுந்தால் அது ஃபியோர்டு. ஆற்றுப் பள்ளத்தாக்கு கடலில் மூழ்கினால் சிட்னி துறைமுகம் போன்ற ரியா. எப்படி உருவாகியிருந்தாலும், திறந்த கடலின் பேரலை உள்ளே எட்டுவதில்லை. அந்த அமைதிதான் மனிதர்களைக் கரையில் குடியமர்த்துகிறது.

அலை இல்லை என்பதால் நீர் சும்மா இருக்கிறது என்று நினைத்துவிடக் கூடாது. பெரும்பாலான கடற்கரைகளில் ஒரு கடலேற்றத்துக்கும் அடுத்ததற்கும் இடையே 12 மணி 25 நிமிடம். இன்று காலை 8 மணிக்கு வந்த ஏற்றம் நாளை 8.50 மணி வாக்கில்தான் வரும். நீர் ஒரே வேகத்தில் இறங்குவதும் இல்லை. ஆறு மணி நேரத்தில் 3 மீட்டர் வற்றும் கழியில், முதல் மணி நேரத்தில் இறங்குவது ஏறக்குறைய 25 செ.மீ. மட்டுமே. மூன்றாம், நான்காம் மணி நேரங்களில் தலா 75 செ.மீ. இறங்கிவிடும். 'மெதுவாகத்தானே வற்றுகிறது' என்று நம்பித் துடுப்புப் படகில் உட்கோடிவரை போனவர்கள், திரும்பும் வழியில் தரைதட்டி நிற்பது இப்படித்தான். அப்படி நின்றுவிட்டால் தயவுசெய்து சேற்றில் இறங்காதீர்கள். கழிச் சேறு முழங்கால்வரை இழுத்துப் பிடித்துக்கொள்ளும். அடுத்த ஏற்றம் உங்களுக்காகக் காத்திருக்காது. படகிலேயே இருங்கள்.

கழி கடலோடு சேரும் குறுகலான வாய்ப்பகுதியில் இன்னும் கவனம் தேவை. உள்ளே பரந்து கிடக்கும் நீர் அத்தனையும் அந்த ஒரே வழியாகத்தான் போக வேண்டும். நார்வேயில் சால்ட்ஸ்ட்ராமன் என்னும் நீரிணையின் அகலம் சுமார் 150 மீட்டர்தான். ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை ஏறத்தாழ 40 கோடி கன மீட்டர் நீர் அதன் வழியே பாய்கிறது. மற்றக் கழிகளில் அளவு சிறியது, இயல்பு அதேதான். வெளிநோக்கி ஓடும் நீரோட்டமும் உள்நோக்கி வீசும் காற்றும் மோதினால், அலைகள் நெருங்கிச் செங்குத்தாக எழும். ஏற்றம் முடிந்து வற்றம் தொடங்குமுன் நீர் சற்றே ஓய்ந்து நிற்கும். வாயைக் கடக்க அதுதான் நேரம்.

[காட்சி: மிக அருகில், படகுத்துறையின் மரத்தூண்.]

இந்தத் தூணைப் பாருங்கள். அடியில் பச்சைப் பாசி. அதற்கு மேலே, கை பட்டால் கீறிவிடும் வெள்ளைக் கொட்டலசுக் கூட்டம், தூணில் ஒட்டி வாழும் ஓட்டுயிரிகள். அது ஒரு கோட்டில் சட்டென்று முடிகிறது. வழக்கமான ஏற்றம் அந்தக் கோட்டை ஒட்டித்தான் வந்து போகிறது. அங்கிருந்து வீட்டு வாசற்படிவரை எவ்வளவு உயரம் என்று கண்ணாலேயே அளந்துவிடலாம். வீட்டை விற்பவர் சொல்லாமல் விட்டதைத் தூண் சொல்லிவிடும்.

இன்னும் நெருங்கினால் குண்டூசி குத்தியது போன்ற துளைகள் தெரியும். கப்பற்புழு புகுந்த வழி. புழு என்பது பெயருக்குத்தான், அது சிப்பி இனம். வெளியே ஊசித் துளை, உள்ளே விரல் நுழையும் சுரங்கம். சுத்தியலால் தட்டிப் பாருங்கள். உள்ளீடற்ற மரம் ஒலியிலேயே காட்டிக்கொடுத்துவிடும்.

அந்த வெள்ளைக் கோடும் நிரந்தரமல்ல. அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி ஏற்றம் கூடும். காற்றழுத்தம் 1 ஹெக்டோபாஸ்கல் குறைந்தால் கடல்மட்டம் சுமார் 1 செ.மீ. உயரும், அழுத்தம் 30 குறைந்த புயலில், காற்று நீரைத் தள்ளத் தொடங்குமுன்பே 30 செ.மீ. ஏறிவிடும். நிலவுப் பாதையின் 18.6 ஆண்டுச் சுழற்சி வேறு ஏற்றத்தின் உயரத்தைக் கூட்டிக் குறைக்கிறது. இவை எல்லாவற்றுக்கும் அடியில், 1901 முதல் 2018 வரை உலகக் கடல்மட்டம் சராசரியாகச் சுமார் 20 செ.மீ. உயர்ந்திருக்கிறது. ஆகவே இருபது ஆண்டுகளுக்குமேல் அங்கே வாழ்ந்தவரைத் தேடிப் பிடித்து ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "தண்ணீர் எந்தப் படிவரை வந்தது?"

உப்புக் காற்று இரும்பைத் தின்னும், கான்கிரீட்டுக்குள் இருக்கும் கம்பியையும் விடாது. கீல், ஆணி, திருகு எல்லாம் மாலிப்டினம் கலந்த 316 வகை எவர்சில்வரில் வாங்குவது நல்லது. வற்றத்தில் எழும் அழுகிய முட்டை வாடைக்கு அஞ்ச வேண்டியதில்லை. காற்றுப் புகாத சேற்றில் நுண்ணுயிர்கள் வெளியிடும் ஹைட்ரஜன் சல்ஃபைடு அது. அதே சேற்றில்தான் கரைப்பறவைகள் இரை தேடுகின்றன.

அஞ்ச வேண்டியது கழிவுநீருக்குத்தான். வற்றத்தில் வெளியேறிய நீரில் ஒரு பங்கு அடுத்த ஏற்றத்தில் அப்படியே திரும்பி வருகிறது. உட்கோடியில் நீர் மாற இன்னும் நாளாகும். உங்கள் கழிவுத் தொட்டியில் விரிசல் விட்டால், எதிர்க்கரைக் குழந்தைகள் குளிக்கும் நீரில்தான் அது போய்ச் சேரும். நீரை வடிகட்டி உண்ணும் சிப்பிகள் அந்தக் கிருமிகளைத் தம் உடலில் சேர்த்து வைத்துக்கொள்கின்றன. வீட்டின் அழகைப் பார்க்குமுன் தொட்டியைத் திறந்து காட்டச் சொல்லுங்கள். இதில் கூச்சமே வேண்டாம்.

[காட்சி: விரைவுப் படகு. அதன் அலைகள் இரு கரைகளுக்கும் விரிகின்றன.]

படகின் வேகமும் அப்படித்தான். அலையின் உயரம் இரு மடங்கானால் அதன் ஆற்றல் நான்கு மடங்காகும். நீங்கள் கடந்து போய்ச் சற்று நேரம் கழித்து அந்த அலை நாணல் கரையை அரிக்கும், கட்டியிருக்கும் படகுகளைத் தூணில் மோதவைக்கும். கரையை நெருங்கும்போது, பின்னால் அலை எழாத அளவுக்கு வேகத்தைக் குறைத்துவிடுங்கள்.

குடியேறும் எண்ணம் இருந்தால், கோடை விடுமுறையில் ஒரு வாரம் தங்கிவிட்டு முடிவெடுக்காதீர்கள். புயல் பருவத்தில் ஒரு மாதம் வாடகைக்கு இருந்து பாருங்கள். கரைச்சாலை எந்த நாட்களில் மூழ்குகிறது, மின்சாரம் போனால் எப்போது திரும்புகிறது, மருத்துவமனைக்கு வேறு வழி உண்டா என்பதெல்லாம் அப்போது தெரியவரும்.

[காட்சி: முதலில் கண்ட அதே மாலை.]

காற்று ஓய்ந்த ஓர் அந்தியில் படகுத்துறைக்குப் போய்ப் பத்து நிமிடம் பேசாமல் நில்லுங்கள். எதிர்க்கரையில் ஜெனரேட்டர் ஓடுகிறதா, நாய் குரைக்கிறதா, யாராவது வானொலி கேட்கிறார்களா, துடுப்பிலிருந்து நீர் சொட்டுகிறதா என்று கேளுங்கள். பிறகு அக்கரைக்குப் போய், நீங்கள் வாங்கப்போகும் வீட்டின் பக்கம் திரும்பி நின்று அதே பத்து நிமிடம் கேளுங்கள்.