முகில் போட்டாலும் கண்ணாடியைக் கழட்டாதேங்கோ

நேயர்கள் எல்லாருக்கும் வணக்கம். கிரகணத்தைப் பற்றிக் கொஞ்சம் கதையுங்கோ எண்டு என்னைக் கூப்பிட்டிருக்கினம். நான் பௌதிகவியல் படிப்பிக்கிற ஆள், அதால வாத்தியார் கதை மாதிரித்தான் போகும், பொறுத்துக்கொள்ளுங்கோ.

2027 ஆகஸ்ட் 2, திங்கக்கிழமை. அண்டைக்கு ஆடி அமாவாசை. விடியவே கீரிமலையில சனம் நிறைஞ்சு நிக்கும், தகப்பன் இல்லாத ஆக்கள் விரதம், மத்தியானம் காத்தோட்டிக்காயோட மரக்கறிச் சாப்பாடு, எல்லாம் முடிஞ்சு ஒரு குட்டி நித்திரையும் கொண்டு எழும்ப, பின்னேர வெய்யில் மேற்கால சரியிற நேரம் சூரியன்ர ஒரு ஓரத்தைச் சந்திரன் மறைக்கும். எங்களுக்கு ஒரு பகுதி மட்டும்தான். எகிப்தில லக்சர் பக்கம் நிக்கிறவைக்கு ஆறு நிமிசத்துக்கு மேல முழு இருட்டு, குடுத்து வச்சவை.

அமாவாசையிலதான் சூரிய கிரகணம் வரும், அது தெரியும், அப்ப ஏன் சேர் ஒவ்வொரு அமாவாசைக்கும் வாறேல்ல எண்டு பிள்ளையள் கேப்பினம். சந்திரன் சுத்துற பாதை பூமி சுத்துற பாதையோட ஒரே தளத்தில இல்ல, அஞ்சு பாகை அளவில சரிஞ்சு கிடக்கு, ரெண்டும் வெட்டுற இடம் ரெண்டு இருக்கு, அதுக்குக் கிட்டவா அமாவாசை விழுந்தாத்தான் நிழல் பூமியில படும். அந்த ரெண்டு இடத்துக்கும்தான் எங்கட ஆக்கள் ராகு, கேது எண்டு பேர் வச்சவை. பாம்பு விழுங்குது எண்டு சொன்னவையே கணக்கும் வடிவாப் பாத்து வச்சிருக்கினம், அதால பஞ்சாங்கத்தைப் பாத்து நான் சிரிக்கிறேல்ல.

சரி, கண் விசயத்துக்கு வருவம். யாழ்ப்பாணத்துக்குப் பெரிய கிரகணம் வராம இல்ல. 2010 ஜனவரி 15, பட்டிப் பொங்கல் அண்டு, மத்தியானம் ஒண்டரைக்குக் கிட்ட சந்திரன் நடுவை மட்டும் மறைச்சு சூரியன்ர ஓரம் ஒரு வளையமாத் தெரிஞ்சுது, இஞ்ச பத்து நிமிசம் அளவில நிண்டது, இந்து சமுத்திரத்தில பதினொரு நிமிசத்துக்கு மேல, அந்தப் பதினொரு நிமிசத்தைவிட நீளமான வளையக் கிரகணம் இனி 3043 வரைக்கும் உலகத்தில எங்கயும் இல்ல. பிறகு 2019 டிசம்பர் 26 காலமை இன்னொரு வளையம். ஆனா இந்த ரெண்டிலயும் சரி, வரப்போறதிலயும் சரி, வெறுங்கண்ணால பாக்கக்கூடிய நேரம் ஒரு செக்கனும் இல்ல. முழுக் கிரகணத்தில சூரியன் முற்றாய் மறையிற அந்தக் கொஞ்ச நிமிசத்துக்கு மட்டும்தான் கிரகணக் கண்ணாடியைக் கழட்டலாம், அது எகிப்துக்காரருக்கு, எங்களுக்கு இல்ல. யூடியூப்ல இப்பக் கழட்டுங்கோ எண்டு ஒராள் இங்கிலிசில கத்தினா அது அவற்ற ஊருக்கு எண்டு நினைச்சுக் கொள்ளுங்கோ.

விழித்திரைக்கு நோ தெரியாது. அதுதான் பிரச்சினை. கையில சுட்டா உடன எடுக்கிறம், கண்ணுக்குள்ள சுட்டா ஒண்டும் தெரியாது, சந்தோசமாப் பாத்துப்போட்டு வீட்ட போய், சில மணித்தியாலம் கழிய இல்லாட்டி அடுத்த நாள் காலமை பேப்பர் வாசிக்கேக்கதான் நடுவில ஒரு கறுப்புப் பொட்டு நிக்கும், அது சிலருக்குப் போகும், சிலருக்குப் போகவே போகாது. பூதக்கண்ணாடியால வெய்யிலைக் குவிச்சுப் பேப்பர் எரிக்கிற விளையாட்டு எல்லாரும் விளையாடியிருப்பியள், கண்ணுக்குள்ள இருக்கிற வில்லையும் அதே வேலைதான் செய்யும்.

இதில நான் கூடப் பயப்பிடுறது மெல்லிய முகிலுக்கு. நல்லாக் காயிற வெய்யிலை ஒருத்தரும் அண்ணாந்து பாக்க மாட்டினம், கண் கூசும். மெல்லிசா ஒரு முகில் வந்து மூடினா, இல்லாட்டிப் பின்னேரம் சூரியன் சிவந்து கீழ இறங்கினா, கண் கூசாது, ஆ இப்ப பாக்கலாம் எண்டு எல்லாரும் பாப்பினம். முகில் எந்த நேரம் விலகும் எண்டு ஆருக்குத் தெரியும்? அதோட கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்புக் கதிரும் அதுக்குள்ளால வரும். 2027ல சூரியன் மேற்கில பதிஞ்சுதான் நிக்கப் போகுது, அதால இதைத் திருப்பித் திருப்பிச் சொல்லுறன்.

அந்தக் காலத்தில சட்டியில மஞ்சள் தண்ணி வச்சு அதில விழுற சூரியனைப் பாக்கிற பழக்கத்துக்கு வருவம். அம்மம்மாமார் கோவிக்கக் கூடாது. தண்ணியில விழுற வெளிச்சத்தில நூறில ரெண்டு பங்காவது திரும்பி வரும், சூரியன் சரியச் சரிய இன்னும் கூட. ஐஎஸ்ஓ 12312-2 எண்டு, அதாவது சூரியனைப் பாக்கிற கண்ணாடிக்கான சர்வதேசத் தர நம்பர் அடிச்ச கிரகணக் கண்ணாடி முப்பதினாயிரத்தில ஒரு பங்குக்கு மேல விடாது. அப்ப சட்டித் தண்ணி அதைவிட அறுநூறு மடங்கு வெளிச்சம் தருது, மஞ்சள் போட்டா என்ன சாணி கரைச்சா என்ன. எக்ஸ்ரே படம், சீடி, புகை பிடிச்ச கண்ணாடி, ரெண்டு மூண்டு கூலிங் கிளாஸ் ஒண்டுக்கு மேல ஒண்டு, ஒண்டும் வேண்டாம். வெல்டிங் கண்ணாடி எண்டா 14ஆம் நம்பர், பட்டறையில சும்மா கிடக்கிறது கனக்க அதைவிடக் குறைஞ்ச நம்பர், கேட்டு வாங்குங்கோ. கிரகணக் கண்ணாடி போட்டா வீட்டுக்குள்ள ஒண்டுமே தெரியக்கூடாது, கீறல் இருந்தா எறிஞ்சிடுங்கோ, குனிஞ்சு நிண்டு போட்டுப் பிறகு நிமிருங்கோ, கழட்டேக்கயும் குனிஞ்சு. அதைப் போட்டுக்கொண்டு பைனாகுலருக்குள்ளால பாக்கிறது அறவே கூடாது.

காசு இல்லாம பாக்க வேணுமெண்டா இடியப்பத் தட்டு. பகிடி இல்ல. ஓட்டைத் தட்டை எடுத்து வெய்யிலுக்குப் பிடிச்சு, சூரியனுக்கு முதுகு காட்டி நிண்டு, நிழலைச் சுவரில விழுத்துங்கோ, ஒவ்வொரு ஓட்டையாலயும் ஒவ்வொரு கடிபட்ட சூரியன் விழும். மர நிழலிலயும் அப்பிடித்தான், இலை இடைவெளியால வாற வெளிச்சப் பொட்டெல்லாம் ஓரம் குறைஞ்சு தெரியும். பள்ளிக்கூடங்களுக்கு இன்னும் நல்ல வழி, சின்ன முகம் பாக்கிற கண்ணாடியில ஒரு சதமமீற்றர் ஓட்டை வெட்டின பேப்பரை ஒட்டி, வெளியில வச்சு, வெளிச்சத்தை யன்னலால இருட்டு வகுப்புக்குள்ள அடியுங்கோ, பத்து மீற்றர் தூரத்துச் சுவரில ஒன்பது சதமமீற்றர் சூரியன், முழு வகுப்பும் கதிரையில இருந்துகொண்டே பாக்கலாம். அந்த முகக்கண்ணாடிக்குள்ள மட்டும் ஒருத்தரும் எட்டிப் பாக்கக் கூடாது.

பிள்ளைத்தாச்சியளைப் பற்றிக் கேப்பியள். கிரகணத்தால வயித்துப் பிள்ளைக்கு ஒண்டும் வராது. மாமி உள்ளுக்கு இரு எண்டா சண்டைக்குப் போகாதேங்கோ, அவ முத்தத்தில நிக்கேக்க யன்னலால கண்ணாடி போட்டுப் பாருங்கோ. சமைச்ச சாப்பாட்டையும் கொட்ட வேண்டாம். 1955 ஜூன் 20 முழுக் கிரகணத்தில இலங்கையில ஒரு கதை பரவினது, வசம்புச் சாறு குடிச்சா அழகு வரும் எண்டு, குடிச்ச பெண்டுகள் சத்தி எடுத்து ஆஸ்பத்திரிக்குப் போனவை. அதே நாள் பொலன்னறுவைப் பக்கம் வெளிநாட்டு விஞ்ஞானியள் பெரிய பெரிய கருவியளோட வந்து நிண்டு, கனபேர் முகிலைப் பாத்துப்போட்டுத்தான் போனவை.

வானம் எப்பிடி இருக்கும் எண்டால், ஆகஸ்ட் எங்களுக்குச் சோளகம் அடிக்கிற காலம், மழை குறைவு, டிசம்பர் மாதிரி மாரி முகில் இல்ல. ஆனா மேற்கு அடிவானத்தில மங்கல் நிக்கும், அதால மரமும் வீடும் மறைக்காத இடம் பாருங்கோ, பண்ணைக் கடற்கரை நல்லம், காரைநகர்ப் பக்கமும் நல்லம். ரெண்டு கிழமைக்கு முதலே ஒரு பின்னேரம் போய் சூரியன் எங்க விழுகுது எண்டு பாத்து வையுங்கோ, அதுவும் கண்ணாடியோடதான்.

அண்டைக்கு முகில் மூடிச்சுதெண்டா 2031 மே 21 இருக்கு, தென்னிந்தியாவாலயும் வட இலங்கையாலயும் போற வளையக் கிரகணம், மே மாச வெய்யில். இப்ப வாங்கிற கண்ணாடியைக் கீறாம கவருக்குள்ள போட்டு வச்சா அதுக்கும் உதவும், போடுறதுக்கு முதல் ஒருக்கா லைற்றுக்குப் பிடிச்சு ஓட்டை விழுந்திருக்கோ எண்டு பாருங்கோ. நன்றி, வணக்கம்.