சோப்புப் பட்டறையில் பிறந்த கம்பளம்: நேயர் கேள்விக்குப் பதில்

வணக்கம். போன தடவை பாரிஸ் கோப்லான் பட்டறையில நெய்யற சித்திரத் திரைச்சீலை பத்திப் பேசினப்போ, பிரெஞ்சு ராஜாக்களுக்காக முடைஞ்ச சவோனெரி கம்பளம்னு ஒரு பேரைச் சொன்னேன் இல்லையா? ஒரு சகோதரி கேட்டிருக்காங்க: "பிரெஞ்சுல சவோன்னா சோப்பு. அப்போ அந்தக் கம்பளத்தை சோப்புல ஊறவச்சுச் செய்வாங்களா?" ரெண்டு நாளா மனசுல இதே ஓட்டம். என்ன அழகான கேள்வி!

ஊறவைக்கிறதெல்லாம் இல்லம்மா. 1608-ல பிரான்ஸ் ராஜா நாலாம் ஹென்றி, பியேர் துபோன்ங்கிற கைவினைஞருக்கு பாரிஸ்ல லூவ்ர் அரண்மனையிலேயே இடம் குடுத்தாரு. கீழை நாட்டுக் கம்பளத்தை இங்கேயே முடையணும்னு ராஜாவுக்கு ஆசை. துபோன்கிட்ட தொழில் கத்துக்கிட்டவர் சீமோன் லூர்தே. 1627 வாக்குல பாரிஸ் பக்கத்துல ஷாயோங்கிற இடத்துல, பழைய சோப்புப் பட்டறைக் கட்டடத்துல தறி போட்டாங்க. கட்டடத்துப் பேரு கம்பளத்துக்கு ஒட்டிக்கிச்சு. அவ்வளவுதான். கோப்லானும் சாயக்காரக் குடும்பத்துப் பேருதான், போன தடவை சொன்னேன்.

ஆனா பேரைக் கேட்டீங்களே, கையைப் பத்திக் கேட்டிருக்கக் கூடாதா? கம்பளத்தோட உயிர் முடிச்சுலதான் இருக்கு. எத்தனை தடவை சொன்னாலும் எனக்கு அலுக்காது. தறி செங்குத்தா நிக்கும். தறியில மேலிருந்து கீழா இழுத்துக் கட்டின நூல்தான் பாவு. ரெண்டு பாவு நூலைச் சேர்த்துக் கம்பளி நூலால ஒரு முடிச்சு. அடுத்த முடிச்சுக்குப் போறதுக்கு முன்னாடி நூல் ஒரு கம்பியைச் சுத்தி வரும். அந்தக் கம்பி பேரு த்ரான்ஷ்ஃபில். அதோட ஒரு முனை கத்தி. கம்பி நிறைய வளையம் சேர்ந்ததும் சர்ருனு உருவுவாங்க. அத்தனை வளையமும் அறுபட்டு, குட்டிக் குட்டியா நூல் நிமிர்ந்து நிக்கும். குறுக்கு நூலான ஊடையைப் போட்டு சீப்பால அடிச்சு இறுக்கி, கத்தரிக்கோலால சமன் பண்ணணும். கோப்லான்ல செங்குத்துத் தறி நெசவாளர் சீலையோட முதுகுப் பக்கம்தான் உட்காருவாரு. சவோனெரியில முன்பக்கம் உட்காருறதால பூவும் இலையும் கண்ணு முன்னாடியே வளரும்.

நான் ஒரு தடவை கம்பளத் தறி முன்னாடி உட்கார்ந்து முடிச்சுப் போட்டுப் பார்த்தேன். அரை மணி நேரம். ஒரு விரக்கடை கூட வரல, நகக்கண்ணுல வலி. சவோனெரியில ஒரு ஆள் வருஷம் பூரா வேலை செஞ்சா ஏறக்குறைய ஒரு சதுர மீட்டர் வரும். பதினாலாம் லூயி லூவ்ர் பெரிய கூடத்துக்கு 93 கம்பளம் கேட்டாரு! வரைபடத்துக்கு ஓவியர் லெ ப்ருன் பொறுப்பு, அவர் பேரு எல்லாருக்கும் தெரியும். முடிச்சுப் போட்டவங்க யாரு? அந்தப் பட்டறையில அனாதைப் பிள்ளைங்களைக் கூட்டிட்டு வந்து தொழில் பழக்கியிருக்காங்க. அந்தப் பிள்ளைங்க பேரு எந்தக் கம்பளத்துலயும் இல்ல.

இன்னொண்ணும் சொல்லிடறேன். தெற்கு பிரான்ஸ்ல லொதேவ்னு ஒரு சின்ன ஊர். அல்ஜீரியப் போர்ல பிரான்ஸ் பக்கம் நின்ன ஹார்க்கிகள், 1962-ல நாடு விடுதலையானதும் குடும்பத்தோட ஓடி வந்தாங்க. அந்த வீட்டுப் பெண்களுக்குக் கம்பள வேலை தெரியும். 1964-ல அங்க பட்டறை வச்சாங்க. ரெண்டு வருஷத்துல அதை அரசோட சவோனெரியில சேர்த்தாச்சு. இன்னைக்கும் பாரிஸ்லயும் லொதேவ்லயும் தறி ஓடுது. ராஜா காலத்து அதே முடிச்சுதான்.