அளவெடுக்கும்போதே அவளிடம் கேளுங்கள்

நேயர்களுக்கு வணக்கம்.

பாறசாலைப் பக்கத்தில் உடற்கல்வி ஆசிரியையாக இருக்கிறேன். எங்கள் பிள்ளைகளுக்கு வீட்டில் தமிழ், பள்ளிக்கூடத்தில் மலையாளம், போட்டி என்றால் திருவனந்தபுரம். ஜிம்னாஸ்டிக்ஸ் பழகும் பெண்பிள்ளைகள் போட்டியில் அணியும் உடையைப் பற்றித்தான் இன்று பேசப்போகிறேன். லியோடார்ட் என்று அதற்குப் பெயர். பிள்ளைகள் காஸ்ட்யூம் என்பார்கள். தோளிலிருந்து இடுப்பு வரை உடம்போடு ஒட்டி நிற்கும் ஒரே உடுப்பு. கால் முழுக்க வெளியே தெரியும்.

எட்டு வயதுப் பிள்ளை இதைப் போட்டுக்கொண்டு பேலன்ஸ் பீமில் நடந்தால் வீட்டில் எல்லோரும் போட்டோ எடுக்கிறார்கள். அவளுக்கே 12, 13 வயது ஆனதும் அம்மா வந்து நிற்கிறார். "டீச்சரே, பிள்ளை பெரியவளாயிட்டா. இனி இந்தத் துணியைப் போட்டுகிட்டு நாலு பேரு முன்னாடி எப்படி நிக்க?" அந்த அம்மாவை நான் குறை சொல்ல மாட்டேன். ஊர்ப்பேச்சைத் தாங்கப்போகிறவர் அவர்தான். ஆனால் அந்த உரையாடலில் ஒருத்தி மட்டும் வாயே திறப்பதில்லை: உடுப்பைப் போடுகிறவள்.

பிள்ளைகளைத் தனியே உட்காரவைத்துக் கேட்டால் ஆளுக்கொரு காரணம் சொல்கிறார்கள். ஒருத்திக்குக் கால் தெரிவதே பிடிக்கவில்லை. ஒருத்திக்கு அது பொருட்டே இல்லை, ஆனால் ஓடும்போது பின்பக்கத் துணி மேலே ஏறிவிடுகிறது. அதைக் கையால் இழுத்துவிட வெட்கம். இன்னொருத்திக்கு மாதவிலக்கு நாளில் கறை தெரியுமோ என்ற பயம். கேலரியில் யாரோ ஒருவர் போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டே இருந்தார் என்றாள் ஒருத்தி. இவை எல்லாவற்றையும் சேர்த்து மூட்டையாகக் கட்டி, "பிள்ளைக்கு வெட்கம்" என்று பெயர் வைத்து, விளையாட்டையே நிறுத்திவிடுகிறோம். ஒவ்வொன்றுக்கும் தனித்தனியே வழி இருக்கிறது. அதைச் சொல்லத்தான் வந்திருக்கிறேன்.

முதலில் அளவு. என் அனுபவத்தில் பாதிச் சங்கடம் தையலிலேயே தீர்ந்துவிடும். நம் வீடுகளில் ஒரு வழக்கம் உண்டே, வளர்கிற பிள்ளை, கொஞ்சம் பெரிதாகவே எடுப்போம் என்று. பள்ளிச் சீருடைக்கு அது சரி, உள்ளே மடித்துத் தைத்து வருஷா வருஷம் பிரித்துவிடலாம். லியோடார்டுக்கு அது ஆகவே ஆகாது. துணி தளர்ந்தால் கால் விளிம்பில் இடைவெளி விழும். தலைகீழாக நிற்கும்போது மார்புப் பக்கம் தொங்கும். உடம்பை மூட வாங்கிய உடுப்பே உடம்பைக் காட்டிக்கொடுக்கும். சின்னதாக எடுத்தாலும் தொல்லைதான். தோள்பட்டையில் தடம் பதியும், கீழே இழுத்துப் பிடிக்கும், பின்பக்கம் மேலே ஏறும்.

நம் ஜிம்னாஸ்டிக்ஸ் வீராங்கனை தீபா கர்மாகர் சிறுமியாக முதல் போட்டிக்குப் போனபோது இரவல் உடுப்புதான் போட்டிருந்தார். அது அவர் உடம்பில் தொளதொளவென்று தொங்கியது. அந்த அகர்தலாச் சிறுமிதான் 2016-இல் ரியோ ஒலிம்பிக்கில், ஓடி வந்து மேடையில் கையூன்றித் தாவுகிற வால்ட் இறுதிச்சுற்றில் 4-ஆம் இடம் வந்தார். ஆனால் தொளதொள உடுப்போடு தொடங்கி, அதோடு நின்றுபோன பிள்ளைகள் எத்தனை பேர் என்று யார் எழுதி வைத்திருக்கிறார்கள்?

சரி, அளவை எப்படி எடுப்பது? மார்பு, இடை, இடுப்பு மூன்றும் எந்தத் தையல்காரருக்கும் தெரியும். நான்காவதாக ஓர் அளவு வேண்டும். தோளின் மேலே டேப்பை வைத்து, முன்பக்கமாக இறக்கி, இரு கால்களுக்கு நடுவே கொண்டுபோய், பின்பக்கமாக ஏற்றி, அதே தோளுக்குக் கொண்டுவர வேண்டும். இந்த முழுச் சுற்று தப்பினால் மற்ற மூன்றும் சரியாக இருந்தும் பயனில்லை. பிள்ளை பூப்பெய்தும் வயதில் வேகமாக மாறுவதும் இதுதான். ஆறு மாதம் முன்பு எடுத்த அளவை நம்பக்கூடாது. இந்த அளவை அம்மாவோ அக்காவோ வீட்டில் வைத்து எடுத்து, தாளில் எழுதிக் கொடுத்துவிட்டால் போதும். கடையில் போய் நிற்கும் கூச்சமும் மிச்சம்.

எங்கள் பக்கம் தையலுக்குப் பஞ்சமில்லை. பாலராமபுரம் கைத்தறி பக்கத்திலேயே இருக்கிறது. ரவிக்கை தைப்பதில் கெட்டிக்காரப் பெண்கள் தெருவுக்கு நாலு பேர். ஆனால் பருத்தித் துணி தைத்துப் பழகிய கை லைக்ரா துணியில் தடுமாறும். நீளவாக்கிலும் அகலவாக்கிலும் இழுபடுகிற துணி அது. சாதாரண நேர்த்தையல் போட்டால், பிள்ளை காலை விரித்து ஸ்பிளிட் போட்டதும் நூல் பட்டென்று அறுந்துவிடும். வளைந்து வளைந்து போகும் ஜிக்ஜாக் தையலோ ஓவர்லாக்கோ வேண்டும். ஊசியும் முனை மழுங்கியதாக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் துணியில் ஓட்டை விழும். இரண்டு உடுப்பு தைத்துப் பார்த்தால் எந்தத் தையல்கார அக்காவுக்கும் பிடிபட்டுவிடும். வெள்ளையோ வெளிர்நிறமோ எடுத்தால் உள்துணி கட்டாயம். துணியை இழுத்துப் பிடித்து வெளிச்சத்தில் பாருங்கள், பிறகு நனைத்தும் பாருங்கள். வியர்வையில் நனைந்தால் அது எப்படித் தெரியும் என்பது அப்போதே தெரிந்துவிடும்.

அடுத்து, கால் தெரிவது பிடிக்காத பிள்ளை. இவளுக்குச் சொல்ல எனக்கு மிகவும் மகிழ்ச்சியான செய்தி ஒன்று உண்டு. பலருக்கும், பயிற்சியாளர்கள் சிலருக்கும்கூட, இது தெரியாது. சர்வதேச ஜிம்னாஸ்டிக்ஸ் சம்மேளனத்தின் விதிப்படி, இடுப்பிலிருந்து கணுக்கால் வரை காலை முழுக்க மூடுகிற ஒற்றை உடுப்பையும் அணியலாம். யூனிடார்ட் என்று பெயர். அதற்கு மதிப்பெண் குறைப்பு கிடையாது.

2021 ஏப்ரலில் சுவிட்சர்லாந்தின் பாசல் நகரில் நடந்த ஐரோப்பியப் போட்டியில் ஜெர்மனி வீராங்கனை சாரா வோஸ் அதைப் போட்டுக்கொண்டு இறங்கினார். அவரைத் தொடர்ந்து கிம் புய், எலிசபெத் சைட்ஸ் ஆகியோரும் போட்டார்கள். அதே ஆண்டு டோக்கியோ ஒலிம்பிக்கில் ஜெர்மனி அணி முழுவதுமே சிவப்பும் வெள்ளையுமான முழுக்கால் உடுப்பில் வந்தது. விளையாடுகிற பெண்ணின் உடம்பை வேறு கண்ணோடு பார்ப்பதை எதிர்க்கிறோம் என்றார்கள். எனக்கு அதைவிட அவர்கள் சொன்ன இன்னொன்றுதான் பெரிதாகப் பட்டது. எல்லோரும் இதைத்தான் போடவேண்டும் என்று சொல்லவில்லை, அவரவருக்கு எது வசதியோ அதைப் போடட்டும் என்றார்கள்.

நீளத்துணி போட்டால் வித்தை செய்ய முடியாது என்று சில பயிற்சியாளர்கள் சொல்வதைக் கேட்டிருக்கிறேன். ஆண்களைப் பாருங்கள். பொம்மல் ஹார்ஸ், ரிங்ஸ், பேரலல் பார்ஸ், ஹரிசாண்டல் பார் ஆகிய நான்கு கருவிகளிலும் கால் முழுவதையும் மூடும் பேன்ட் போட்டுத்தான் சுழல்கிறார்கள். தரைப்பயிற்சிக்கும் வால்ட்டுக்கும் மட்டும் ஷார்ட்ஸ். அவர்களுக்கு வராத இடைஞ்சல் நம் பிள்ளைக்கு மட்டும் எங்கிருந்து வரும்? அதேசமயம், காற்றில் சுருண்டு திரும்பும்போது தொடையைப் பிடிக்கிற கைக்குத் துணி வழுக்குகிறது, எனக்குத் தோல்தான் வேண்டும் என்று சொல்கிற பிள்ளையும் இருக்கிறாள். அவள் சொல்வதும் நியாயம். பழகிப் பார்த்து அவளே முடிவு செய்யட்டும்.

விதிகளில் மற்ற சிலவும் தெரிந்திருக்க வேண்டும். துணி ஒளி ஊடுருவக்கூடாது. முன்கழுத்து மார்பெலும்பின் பாதிக்குக் கீழே இறங்கக்கூடாது. பின்கழுத்து தோள்பட்டை எலும்பின் கீழ்விளிம்பைத் தாண்டக்கூடாது. தோள்பட்டி குறைந்தது 2 சென்டிமீட்டர் அகலம். கால் வெட்டு இடுப்பெலும்புக்கு மேலே ஏறக்கூடாது. பார்த்தீர்களா, நம் வீட்டுப் பெரியவர்கள் கேட்பதில் பலவும் விதிப்புத்தகத்திலேயே இருக்கிறது. உடை விதி மீறினால் 0.30 புள்ளி குறைப்பார்கள். ரியோவில் தீபா வெண்கலத்தைத் தவறவிட்டது 0.15 புள்ளியில்தான் என்பதை நினைத்தால், 0.30 எவ்வளவு பெரிது என்று புரியும்.

ஒரு விதியில் மட்டும் எனக்குச் சம்மதமில்லை. உள்ளாடை கொஞ்சம் வெளியே தெரிந்தால்கூட குறைக்கலாம் என்பது. மார்பு வளரும் வயதில் ஒரு பிள்ளை உள்ளாடை இல்லாமல் குதிக்க வேண்டுமா, இல்லை அதன் பட்டி எட்டிப் பார்த்துவிடுமோ என்று நடுங்கிக்கொண்டே குதிக்க வேண்டுமா? நியூசிலாந்து ஜிம்னாஸ்டிக்ஸ் சங்கம் 2024-இல் இந்தக் குறைப்பை எடுத்துவிட்டது. லியோடார்டின் மேல் ஷார்ட்ஸோ லெக்கிங்ஸோ போட்டுக்கொள்ளவும் அனுமதித்தது. மாதவிலக்கு நாளில் தவிக்கிற பிள்ளைக்கு அந்த ஒரு ஷார்ட்ஸ் எவ்வளவு பெரிய தைரியம்! பள்ளி அளவிலான போட்டிகளிலாவது இங்கேயும் இதைக் கொண்டுவர வேண்டும். அதுவரைக்கும் அடர்ந்த நிறத்தில் உடுப்பு எடுங்கள், உள்ளே தோல்நிறத்தில் ஸ்போர்ட்ஸ் பிரா தேடிப் பிடியுங்கள்.

இனி, லியோடார்டைத்தான் போடுவேன் என்கிற பிள்ளை. அவளுக்காகவும் நான் அதே அளவுக்கு வாதாடுவேன். மலேசிய ஜிம்னாஸ்டிக்ஸ் வீராங்கனை ஃபாரா ஆன் 2015-இல் சிங்கப்பூரில் நடந்த தென்கிழக்காசிய விளையாட்டில் 2 தங்கம் உட்பட 6 பதக்கம் வென்றார். ஊருக்குள் ஒரு கூட்டம் பதக்கத்தை விட்டுவிட்டு அவருடைய உடுப்பைப் பிடித்துக்கொண்டது. அவர் உடையையும் மாற்றவில்லை, விளையாட்டையும் விடவில்லை. டோக்கியோ ஒலிம்பிக் வரை போனார்.

நம் மண்ணுக்கு இந்தப் பேச்சு புதிதில்லை. கல்குளம், விளவங்கோடு, நெய்யாற்றின்கரைப் பக்கத்து நாடார் பெண்கள் மேலுடம்பை மூடத் தோள்சீலை போட்டதற்காக அடிபட்ட கதையை நம் பாட்டிமார் வழியாகக் கேட்டிருக்கிறோம். 1859-இல் திருவிதாங்கூர் மகாராஜா, அவர்கள் மேலுடம்பை மூடிக்கொள்ளலாம் என்று ஆணை போட்டார். அப்போதும், மேல்சாதிப் பெண்கள் உடுத்துவது மாதிரி உடுத்தக்கூடாது என்ற நிபந்தனையோடுதான். எதை உடுத்துவது, எப்படி உடுத்துவது என்று அடுத்தவர்கள் தீர்ப்புச் சொன்னால் பெண்கள் என்ன பாடுபடுவார்கள் என்று நம்மைவிட நன்றாக அறிந்தவர்கள் யார்? இதே 1859-இல்தான் பாரிஸில் ஜூல்ஸ் லெயோத்தார் என்ற இளைஞர் உடம்போடு ஒட்டிய உடுப்பில் ஊஞ்சல் விட்டு ஊஞ்சல் தாவி வித்தை காட்டினார். லியோடார்ட் என்ற பெயரே அவரால் வந்தது. அவர் ஆண்பிள்ளை, வெட்கமில்லையா என்று அவரை யாரும் கேட்டிருக்க மாட்டார்கள்.

அந்த வித்தை கேரளத்துக்கும் வந்தது. தலசேரியில் கீலேரி குஞ்ஞிக்கண்ணன் 1901-இல் சர்க்கஸ் பயிற்சிக்கூடம் தொடங்கினார். அந்த மரபில் வந்த பெண்கள் மினுமினுக்கும் ஒட்டிய உடுப்பில் ஊஞ்சலாடியதைக் குடும்பத்தோடு போய்ப் பார்த்துக் கைதட்டிய ஊர்தான் நம் ஊர்.

அலங்காரத்தைப் பற்றிக் கொஞ்சம். அமெரிக்க அணியின் உடுப்பில் ஆயிரக்கணக்கான கற்கள் மின்னுவதை டிவியில் பார்த்துவிட்டு, பிள்ளைகள் கல் வேண்டும் என்கிறார்கள். ஆசைதானே, தோளில் நாலு வரிசை வைத்துக் கொடுங்கள். கால்நடுவிலும் முதுகிலும் வேண்டாம், உருளும்போது குத்தும். பணம் குறைவென்றால் கல்லை விட்டுவிட்டு உள்துணிக்குச் செலவழியுங்கள். 1976-இல் மாண்ட்ரியாலில் ருமேனியாவின் 14 வயது நாடியா கொமனேச்சி ஒலிம்பிக்கில் முதல்முறையாக 10-க்கு 10 வாங்கினார். அன்று அவர் போட்டிருந்தது பக்கவாட்டில் கோடு போட்ட சாதாரண வெள்ளை உடுப்பு. அதில் ஒரு கல்கூட இல்லை.

போட்டி நடத்துகிறவர்களிடம் எனக்கு இரண்டு கோரிக்கை. நீங்கள் அனுப்புகிற சுற்றறிக்கையில், முழுக்கால் உடுப்புக்கு அனுமதி உண்டு என்று ஒரு வரி சேர்த்துவிடுங்கள். தமிழிலும் மலையாளத்திலும் இருக்கட்டும். அம்மாக்கள் அதைப் படித்தால்தான் நம்புவார்கள். அப்புறம், கேலரியில் கண்டவர்கள் எல்லாம் வீடியோ எடுப்பதை நிறுத்துங்கள். பெற்றோரும் பயிற்சியாளரும் எடுக்கலாம், அதற்குப் பெயர் பதிந்து அட்டை கொடுங்கள். மற்றவர்கள் போனைப் பைக்குள் வைத்துக்கொண்டு பார்க்கட்டும். பிள்ளை உடம்பை மூடிக்கொள்ள வேண்டும் என்று சொல்வதற்கு முன்னால் இதைச் செய்திருக்க வேண்டும்.

அம்மாக்களிடம் கேட்பது ஒன்றே ஒன்று. புது உடுப்பு வந்ததும் போட்டி நாளுக்கென்று பெட்டியில் பூட்டி வைக்காதீர்கள். இரண்டு வாரம் முன்பே பிள்ளையைப் போடச் சொல்லி, ஒரு முழுப் பயிற்சிக்கு அனுப்புங்கள். கை தூக்கட்டும், பாலம் போல வளையட்டும், தலைகீழாக நிற்கட்டும், ஓடி வந்து குதிக்கட்டும். வீட்டுக்கு வந்ததும் எங்கே இழுத்தது, எங்கே உறுத்தியது, எங்கே கூசியது என்று கேளுங்கள். திருத்தித் தைக்க அப்போது நாள் இருக்கும். கால் மூடினது வேண்டும் என்று அவள் சொன்னால் அதற்கும் நாள் இருக்கும்.

வணக்கம்.