மூன்றாம் வகுப்புப் பெட்டியிலிருந்து

நேயர்களுக்கு வணக்கம்.

திருகோணமலை ரயில் நிலையத்திலிருந்து நடந்து போகும் தூரத்தில்தான் எங்கள் வீடு. அப்பம்மா கடைசிவரை ரயிலைக் கோச்சி என்றுதான் சொன்னா. இரவுக் கோச்சி கூவினால்தான் விளக்கை அணைப்பா. அந்த இரவு ரயிலில் கொழும்புக்குப் போய்வருகிற ஆட்களைப் பற்றித்தான் இன்றைக்குப் பேச வந்திருக்கிறேன்.

2022இல், எரிபொருளுக்கு நாடே வரிசையில் நின்ற ஆண்டில், ரயில் கட்டணமும் ஏறியது. எங்கள் பக்கத்தில் பெரிதாக யாரும் முறுமுறுக்கவில்லை. டீசல் என்ன விலை விற்றது என்று எல்லாருக்கும் தெரியும். டிக்கெட் காசு ரயில் ஓடும் செலவுக்கே காணாது என்பதும் உண்மை. சரி, கூட்டிக் கேட்டார்கள், கொடுத்தோம். கொடுத்த பிறகும் அதே உடைந்த ஆசனம், அதே சுற்றாத மின்விசிறி என்றால்தான் மனம் பொறுக்குதில்லை.

இரவு ரயிலில் மூன்றாம் வகுப்பில் யார் போகிறார்கள்? கடவுச்சீட்டு அலுவலாகப் போகிறவர்கள், வெளிநாட்டு வேலைக்கு ஏஜென்சியைப் பார்க்கப் போகும் பிள்ளைகள், மகரகமவில் உள்ள புற்றுநோய் வைத்தியசாலைக்குப் போகும் நோயாளிகள். கொழும்பில் ஒரு இரவு தங்க அறை எடுக்க இவர்களிடம் காசு இல்லை. விடியக் கொழும்பு கோட்டை ரயில் நிலையத்தில் இறங்கி, பகலில் அலுவலை முடித்து, அன்றிரவே திரும்ப ஏறிவிடுவார்கள். போகிற இரவும் வருகிற இரவும் ரயில் பெட்டிதான் இவர்களுக்கு விடுதி. பகலில் மூன்று மணித்தியாலம் பயணம் செய்கிறவருக்குக் கழிவறையில் தண்ணீர் இல்லாவிட்டால் அது ஒரு சிரமம், அவ்வளவுதான். புற்றுநோய்க்குக் கீமோ மருந்து ஏற்றிக்கொண்டு இரவு முழுக்க வருகிறவருக்கு அது வேறு விஷயம்.

என் அக்காவைக் கூட்டிக்கொண்டு ஒருமுறை அப்படி வந்தேன். பதிவு செய்யும் ஆசனங்கள் எல்லாம் முடிந்துவிட்டன. ஒரு தம்பி எழும்பி அக்காவுக்கு இடம் கொடுத்துவிட்டு, கதவோரம் பேப்பரை விரித்து இருந்தார். நடுராத்திரியில் காட்டுக்குள் ரயில் நின்றது. ஏன் நின்றது, எவ்வளவு நேரம் நிற்கும் என்று ஒருவரும் சொல்லவில்லை. பெட்டியில் வெளிச்சம் இல்லை. அக்கா வாந்தி எடுத்தபோது கழிவறைக் குழாயைத் திறந்தேன், காற்றுத்தான் வந்தது. நாங்கள் குடிக்க வைத்திருந்த போத்தல் தண்ணீரில்தான் முகம் கழுவினா.

ஒன்றைத் தெளிவாகச் சொல்லவேண்டும். யானைக்காக ரயில் மெதுவாகப் போவதை நான் குறை சொல்லமாட்டேன். 2025 பெப்ரவரியில் ஹபரணைப் பக்கம் மட்டக்களப்புப் பாதையில் ரயில் மோதி ஆறு யானைகள் செத்தன. அந்தப் படங்களைப் பார்த்த யாரும் வேகமாகப் போ என்று கேட்கமாட்டார்கள். ஒற்றைத் தண்டவாளத்தில் எதிர் வண்டிக்கு வழிவிட்டு நிற்கவேண்டிவரும், அதுவும் விளங்குகிறது. நிற்கட்டும். ஆனால் காரணத்தைத் தமிழிலும் சிங்களத்திலும் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு நிற்கட்டும். இதற்குப் புது எஞ்சின் வாங்கத் தேவையில்லை. தண்ணீர்த் தாங்கியை நிரப்பிவிட்டு வண்டியை எடுப்பதற்கும், எரியாத பல்பை மாற்றுவதற்கும் கோடிகள் வேண்டாம்.

இன்னொரு விஷயம். கல்லோயா சந்தியில் பிரிந்து கந்தளாய், தம்பலகாமம், சீனக்குடா வழியாக வரும் இந்தப் பாதை வெள்ளைக்காரன் காலத்தில் போட்டது. கந்தளாயிலிருந்தும் தம்பலகாமத்திலிருந்தும் தினமும் எத்தனை பேர் டவுனுக்கு வேலைக்கும் பள்ளிக்கூடத்துக்கும் பஸ்ஸில் தொங்கிக்கொண்டு வருகிறார்கள்! அலுவலகம் தொடங்கும் நேரத்தையும் விடும் நேரத்தையும் பார்த்து ரயில் அட்டவணை போட்டால், பருவச்சீட்டு எடுக்க இவர்களே வரிசையில் நிற்பார்கள். சீனக்குடாவில் கோதுமை மா ஆலை இருக்கிறது, துறைமுகம் இருக்கிறது. சரக்கை இன்னும் கூடுதலாகத் தண்டவாளத்தில் ஏற்றினால் வருகிற வருமானத்தையும் பார்க்கவேண்டும். காசு தேவைப்படும்போதெல்லாம் மூன்றாம் வகுப்புப் பயணியின் பையிலேயே கை வைப்பது நியாயமில்லை.

நேயர்களே, நீங்களும் எழுதுங்கள். எந்தத் திகதி, எந்த ரயில், எந்தப் பெட்டி, என்ன குறை என்று டிக்கெட் இலக்கத்தோடு எழுதி, நிலைய அதிபரிடம் கொடுத்து, ஒரு பிரதியில் கையொப்பம் வாங்கி வையுங்கள். வாயால் சொன்னது வாசலோடு போய்விடும்.

அக்காவுக்கு அடுத்த மாதம் திரும்பவும் கிளினிக். ஐந்து லீற்றர் தண்ணீர்க் கான் ஒன்று இப்போதே வாங்கி வைத்திருக்கிறேன். அதை வீட்டிலேயே விட்டுவிட்டுப் போகக் கிடைக்கவேண்டும்.

வணக்கம்.