போர்டுல சன்ஸ், கல்லாவுல மகள்

மேடையில இருக்கிற சங்கத் தலைவர் ஐயா, செயலாளர் அண்ணன், எனக்குப் பொன்னாடை போத்தின மகளிர் அணி அக்கா, மைக் கத்துனாலும் சமாளிக்கிற சவுண்ட் செட் தம்பி, பிரியாணி அண்டாவையே பார்த்துட்டு இருக்கிற நீங்க எல்லாருக்கும் வணக்கம், அஸ்ஸலாமு அலைக்கும். தலைவர் ஐயா போன வருஷமே பேசக் கூப்பிட்டாரு, நான் ஊருக்குப் போயிட்டேன், கோவிச்சுக்காம மறுபடி கூப்பிட்டிருக்காரு, அவருக்கு ஒரு கைதட்டு குடுங்க.

தலைப்பு அரபுக் குடும்ப பிசினஸ்ல பெண்கள். மூணு விஷயம் சொல்லப் போறேன், சொத்துப் பங்கு, பேங்க் கடன், கையெழுத்து. அதுக்கு முன்னாடி எங்க அம்மாச்சி சொல்றது ஒண்ணு: "இடிச்சவ புடைச்சவ இங்க இருக்க, எட்டிப் பார்த்தவ கொட்டிக்கிட்டுப் போனாளாம்." ஞாபகம் வச்சுக்கோங்க, திரும்ப வரும்.

சொத்துப் பங்கு சுருக்கமா சொல்லிடறேன், ஷரியத்படி மகனுக்கு ரெண்டு பங்குன்னா மகளுக்கு ஒண்ணு. அந்த ஒரு பங்குக்காரி ஆபீஸ்ல எங்க உட்கார்ந்திருக்காங்கறதுதான் என் கேள்வி.

1994ல நான் துபாய் தேராவுல ஒரு ஹார்ட்வேர் டிரேடிங் கம்பெனியில அக்கவுண்ட்ஸ் பார்த்தேன். அர்பாப், அதான் அரபி முதலாளி, வயசானவர், படுத்த படுக்கை. சாயங்காலம் மஃரிப் தொழுகை முடிஞ்ச உடனே அவர் வீட்டம்மாகிட்ட இருந்து போன் வரும், இன்னைக்கு என்ன வந்துச்சு, யாரு பாக்கி, எந்த இன்வாய்ஸ். வாரம் ஒரு தடவை டிரைவர் காலி பேரீச்சம்பழ டப்பாவுக்குள்ள அவங்க நோட்டை வச்சுக் கொண்டு வருவாரு, ஸ்கூல் பிள்ளைங்க நோட்டு, பென்சில்ல அரபி எழுத்து. நான் கம்ப்யூட்டர்ல போட்ட கணக்குல கதவுக் கீல் பெட்டி 48ன்னு இருந்துச்சு, அவங்க நோட்டுல 40. குடோனுக்குப் போய் எண்ணிப் பார்த்தா 40தான். சுலைமானி டீ குடிச்சுட்டு இருந்த மந்தூப், கம்பெனிக்காக அரசாங்க ஆபீஸுக்கு அலையறவரு, சிரிச்சாரு பாருங்க, எனக்கு மூஞ்சி எங்க வைக்கிறதுன்னு தெரியல. இவ்வளவும் பார்த்த அந்தம்மாவை எல்லாரும் மூத்த மகன் பேரைச் சேர்த்து உம்மு இன்னார், அதாவது இன்னாரோட அம்மான்னுதான் கூப்பிடுவோம், அவங்க சொந்தப் பேரு ஏழு வருஷத்துல எனக்குத் தெரியவே தெரியாது. ஒரு தடவை போர்ட்ல கண்டெய்னர் நிக்குது, டெமரேஜ், அதான் சரக்கை எடுக்காததுக்குத் தினமும் கட்டற காசு, ஏறுது, செக்குல கையெழுத்து போடற பவர் மகனுக்கு மட்டும், அவரு லண்டன்ல. மூணு நாள். அந்தம்மா போன்ல ஒண்ணே ஒண்ணு கேட்டாங்க, "இன்னைக்கு எவ்வளவு ஏறியிருக்கு?"

இடிச்சவ புடைச்சவ இங்க இருக்கா பாருங்க!

நபிகள் நாயகத்தோட மனைவி அன்னை கதீஜா நாயகி காலத்துல இப்படி இல்ல, மக்காவுல சரக்கு அவங்களது, முதல் அவங்களது, நபிகள் நாயகம் அந்தச் சரக்கோட சிரியாவுக்கு வியாபாரத்துக்குப் போனாங்க. நடுவுல எங்கயோ கணக்கு மாறிப்போச்சு. சவுதியில லுப்னா ஒலயான் 1983ல அப்பா குரூப்புக்கு வந்தவங்க, 2004ல ஜித்தா எகனாமிக் ஃபோரத்துல பேசினதுக்கு அங்க பெரிய சர்ச்சையே வந்துச்சு, 2019ல ஒரு சவுதி பேங்குக்கே சேர்மன் ஆனாங்க, அந்த நாட்டுல முதல் பெண். துபாய்ல ராஜா அல் குர்க்னு ஒரு அம்மா, ஸ்கூல் ஹெட்மிஸ்ட்ரஸா இருந்துட்டு அப்பா பிசினஸுக்கு வந்தவங்க. பஹ்ரைன்ல ஒய்.கே. அல்மொய்யத் அண்ட் சன்ஸ், 1940ல ஆரம்பிச்ச கம்பெனி, எம்.டி.யா வந்தது யாரு? மோனா அல்மொய்யத், மகள்! போர்டு மட்டும் இன்னும் சன்ஸ். எனக்கு அந்த போர்டை நினைச்சாலே சிரிப்பு வரும்.

பேங்க் கடனுக்கு வரேன், சவுதியில 2018ல இருந்து ஆம்பளை கார்டியன் சம்மதம் இல்லாமலே பொண்ணுங்க பிசினஸ் தொடங்கலாம்... தலைவர் ஐயா சீக்கிரம் முடின்னு சீட்டு அனுப்பிட்டாரு, சரி, கடனை விட்டுட்டு நேரா கையெழுத்து விஷயத்துக்கு வந்துடறேன். அரபி வீட்டைச் சொல்லிட்டு நம்மளை விட முடியுமா? இந்த ஹால்லயே கடை வச்சிருக்கிற அண்ணன்மார் பதினஞ்சு பேராவது இருக்கீங்க, ராத்திரி கணக்கு எழுதறது யாரு, அண்ணி. செக்புக் யார் பேர்ல? சத்தமே காணோம். இடிச்சவ புடைச்சவ உங்க வீட்லயும் இருக்கா அண்ணே. கணக்கு எழுதறவங்களுக்கே கையெழுத்து பவர்னு ஒரு உறுதிமொழி ஃபாரம் அடிச்சு வச்சிருக்கேன், டீ கவுண்டர் பக்கத்து டேபிள்ல இருக்கு. பேனா நூல்ல கட்டியிருக்கு, எடுத்துட்டுப் போயிடாதீங்க. செயலாளர் அண்ணன் முதல் ஆளா போடறேன்னு காலைலயே சொன்னாரு, அண்ணி இங்கதான் உட்கார்ந்திருக்காங்க, பார்த்துட்டு இருக்காங்க.